ஒரு துளி என்சைமும் தி.நகர் கல்யாணப் புகையும்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மே மாசம், ஒரு சனிக்கிழமை மதியம். அடையாறுல மரம் அடர்ந்த ஒரு சின்னத் தெரு. அங்க ஒரு பழைய வீட்டோட முதல் மாடியிலதான் எங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மொத்தமே ரெண்டு ரூம், ஆறு பேர், ஒரே ஒரு பெரிய ஃப்ரீசர். அந்த ஃப்ரீசர் அன்னிக்கு மண்டையைப் போட்டுடுச்சு. அது போனா போகட்டும், அதுக்குள்ள என் ஏழு வருஷ வாழ்க்கை ஒரு துளியா உறைஞ்சு கிடந்தது. அதான் விஷயம்.

நான் யாருனு சொல்லிடறேன். அப்போ எனக்கு முப்பத்தோரு வயசு. பிஎச்.டி. பண்ண ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆயிருந்தது. முதல் மூணு வருஷம் சொந்தக்காரங்க எல்லாம், "எப்பம்மா முடியும்?"னு கேட்டுட்டிருந்தாங்க. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டாங்க. அதுதான் ரொம்ப வலிக்கும், தெரியுமா? யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருக்கும்.

என் ஆராய்ச்சியைப் பத்தி ரெண்டே ரெண்டு வரி சொல்றேன், தூங்கிடாதீங்க. நம்ம உடம்புல புரதங்கள் தயாராகும்போது, அது மேல சின்னச் சின்ன சர்க்கரைத் துணுக்குகளை ஒட்டவைக்கறதுக்குனே சில என்சைம்கள் இருக்கு. எந்தச் சர்க்கரையை எந்த இடத்துல ஒட்டணும்ங்கறது அதுகளுக்குத்தான் தெரியும். சரியா ஒட்டினாத்தான் பல புரதங்கள் ஒழுங்கா வேலை செய்யும். அப்படிப்பட்ட ஒரு மனுஷ என்சைம் பின்னாடிதான் நான் ஏழு வருஷம் சுத்தினேன். இதை யார் உடம்புலேர்ந்தும் எடுக்க மாட்டாங்க. மனுஷ ஜீனை வேற செல்லுக்குள்ள வெச்சு, அந்தச் செல்லை வளர்த்து, அது தயாரிக்கறதைப் பிரிச்சு எடுத்து, சுண்டுவிரல் பாதிகூட இல்லாத ஒரு குப்பியில போட்டு வெளிநாட்டுலேர்ந்து அனுப்புவாங்க. உள்ள இருக்கறது ஒரே ஒரு துளி. குப்பி மேல, ஆராய்ச்சிக்கு மட்டும், மனுஷங்களுக்குக் கொடுக்கக் கூடாதுனு எழுதியிருக்கும்.

என் கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். அதைப் படிச்ச நிபுணர் ஒருத்தர், "எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இந்தச் சர்க்கரையை ஒட்டறது இந்த என்சைம்தான்னு நேரடியா ஒரு சோதனை செஞ்சு காட்டுங்க"னு கேட்டுட்டார். நியாயமான கேள்விதான், ஆனா மனுஷர் என் உயிரை எடுத்துட்டார். அந்தச் சோதனை முடிஞ்சாத்தான் கட்டுரை வரும். கட்டுரை வந்தாத்தான் தீசிஸ் கொடுக்க முடியும். தீசிஸ் கொடுக்க ஜூன் முப்பதுதான் கடைசி. ரெண்டு தடவை அவகாசம் வாங்கியாச்சு, மூணாவது தடவை கிடையாதுனு பல்கலைக்கழகத்துல முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. அந்தக் குப்பியை வரவழைக்க நாலு மாசம் ஆச்சு. அது கெட்டுப்போனா இன்னொண்ணு வர இன்னொரு நாலு மாசம். ஆக, அந்தத் துளி உருகினா என் பட்டமும் அதோட உருகிப் போயிடும்.

குப்பி வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்தது. பெரிய தெர்மோகோல் பெட்டி, அது நிறைய ட்ரை ஐஸ், அதுக்கு நடுவுல குழந்தை மாதிரி இந்தக் குப்பி. ட்ரை ஐஸ்னா உறைஞ்ச கரியமில வாயு. மைனஸ் எழுபத்தெட்டு டிகிரி இருக்கும். உருகித் தண்ணியாகாது, அப்படியே ஆவியாப் போயிடும். தண்ணியில போட்டா குபுகுபுனு வெள்ளைப் புகை வரும்.

லேப்ல வேலை பார்த்தவங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ட்ரை ஐஸ் வந்தா அன்னிக்கு எங்களுக்குத் திருவிழா. கல்யாணம் ஆகிப் பிள்ளை பெத்தவங்ககூட பீக்கர்ல தண்ணி ஊத்தி, அதுல ஐஸைப் போட்டு, புகையை ஊதி விளையாடுவாங்க. எங்க மேடம், அதாவது என் கைடு, இதுக்குனே ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. வந்த என்சைமைப் பிரிச்சு வெச்சு வேலையை ஆரம்பிக்கற வரைக்கும் மிச்ச ஐஸ்ல யாரும் கை வைக்கக் கூடாது. ஃப்ரீசர் வயசான ஃப்ரீசர், எப்போ என்ன ஆகும்னு தெரியாதுனு சொல்வாங்க. அந்த வியாழக்கிழமை மேடம் டெல்லியில ஒரு மீட்டிங்ல இருந்தாங்க. நாலு மாசம் தவம் கிடந்த குப்பி வந்த சந்தோஷம் வேற எனக்கு. குப்பியை ஃப்ரீசர்ல வெச்சுட்டு, நானும் என் ஜூனியர் பொண்ணும் இருந்த ஐஸ் அத்தனையும் நாலு பீக்கர்ல கொட்டி, லேப் கோட்டோட புகைக்கு நடுவுல ஆடி, ஒரு ரீல்ஸ் எடுத்துப் போட்டோம். நானூத்திச் சொச்சம் லைக் வந்தது. பெருமையா இருந்தது.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு மயிலாப்பூர்ல வீட்டுல கட்டையைச் சாய்க்கலாம்னு இருந்தேன். ஜூனியர் போன் பண்ணினாள்.

"அக்கா, ஃப்ரீசர் கத்துது."

"எவ்வளவு காட்டுது?"

"மைனஸ் நாப்பத்தாறு."

மைனஸ் எண்பது காட்ட வேண்டிய ஃப்ரீசர் அது. கிடைச்ச செருப்பை மாட்டிக்கிட்டு லஸ் முனையில ஆட்டோ பிடிச்சு அடையாறு போய்ச் சேர்ந்தேன். ஃப்ரீசர் சர்வீஸ்காரர், "கம்ப்ரஸர் போயிருக்கும், திங்கக்கிழமை வந்து பாக்கறேன்"னு போன்ல ரொம்ப நிதானமா சொன்னார். சாதா ஃப்ரிட்ஜோட ஃப்ரீசர்ல வைக்கலாம்னா, அது பனி சேராம இருக்க அப்பப்போ தானே சூடாகிக் குளிரும். அப்படிப்பட்டதுல வைக்கவே கூடாதுனு குப்பியோட வந்த தாள்லயே போட்டிருந்தது. சரி, உருகினா உருகட்டும், உடனே சோதனையைப் பண்ணிடலாம்னா, அது சர்க்கரையை ஒட்ட வேண்டிய என் புரதம் தயாராக புதன்கிழமை ஆகும்.

கிண்டியில என்னோட படிச்ச ஒருத்தன் வேலை பாக்கற லேப் இருக்கு. அங்க நல்ல ஃப்ரீசர் உண்டு. போன் பண்ணினேன். "கொண்டு வா, இடம் இருக்கு. ஆனா எங்ககிட்ட ட்ரை ஐஸ் இல்ல, நீதான் ஏற்பாடு பண்ணணும்"னான். மேடத்துக்கும் போன் பண்ணினேன். "ஒண்ணும் பதறாத. வியாழக்கிழமை வந்த ட்ரை ஐஸ்ல வெச்சு கிண்டிக்குக் கொண்டு போயிடு. இருக்கில்ல?"னு கேட்டாங்க. "இருக்கு மேடம்"னுட்டேன். என் வாய் தானா சொல்லிடுச்சு, சத்தியமா.

ட்ரை ஐஸ் விக்கறவங்க நம்பர் ஒவ்வொண்ணா அடிச்சேன். எல்லாரும் கைவிரிச்சாங்க. கடைசியா அம்பத்தூர்லேர்ந்து ஒருத்தர் சொன்னார்.

"இன்னிக்கு முகூர்த்த நாள் மேடம். சரக்கு பூரா ரிசப்ஷனுக்குப் போயிடுச்சு. பொண்ணு மாப்பிள்ளை புகையில நடந்து வருவாங்கல்ல, அதுக்கு. இப்பதான் தி.நகர்ல ஒரு மண்டபத்துல இறக்கிட்டு வண்டி திரும்புது. வேணும்னா அங்க போய்க் கேட்டுப் பாருங்க."

இங்க ஒரு உண்மையை ஒத்துக்கணும். அந்த வருஷம் தை மாசம் என் பெரியப்பா பொண்ணு ரிசப்ஷன்ல இதே புகை போட்டாங்க. நான் சும்மா இருந்தேனா? பக்கத்துல உக்காந்திருந்த அத்தைக்கு, "இதெல்லாம் லேபுக்குப் போக வேண்டிய பொருள் அத்தை. இப்படிப் புகையா விட்டு வீணாக்கறாங்க. பகட்டுக்கு ஒரு அளவே இல்லாம போச்சு"னு பத்து நிமிஷம் கிளாஸ் எடுத்தேன். பாவம், அத்தை ஐஸ்கிரீம் உருகற வரைக்கும் கேட்டுட்டிருந்தாங்க.

ஜூனியரை ஃப்ரீசர் முன்னாடி உக்கார வெச்சேன். கதவைத் திறக்காதே, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நம்பரை மட்டும் மெசேஜ்ல அனுப்பு, மைனஸ் இருபதைத் தாண்டினா துளி இளக ஆரம்பிச்சுடும்னு சொல்லிட்டு, காலி தெர்மோகோல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஆட்டோல ஏறினேன். டிரைவர் கண்ணாடியில என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தார்.

"இன்னா மேடம், காலுல வேற வேற செருப்பு போட்டுக்கினு கீறீங்கோ?"

குனிஞ்சு பார்த்தேன். வலது காலுல என்னோடது, இடது காலுல அம்மாவோடது. "அண்ணே, அதை விடுங்க, சீக்கிரம் போங்க"ன்னேன். "சனிக்கெழம சாயங்காலம் டி.நகருக்கு சீக்கிரமாவா? ஏரோப்ளேன்தான் புடிக்கணும்"னார். ஆனாலும் மனுஷர் கோட்டூர்புரம், நந்தனம்னு எந்தெந்தச் சந்துலயோ நுழைஞ்சு பறந்தார். பனகல் பார்க் வந்தப்போ போன் பார்த்தேன். "-39 அக்கா." கூடவே ரெண்டு கைகூப்பற படம்.

மண்டபத்துல நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி கட்டிக்கிட்டிருந்தாங்க. மேடையில ஊதாப் பூவுல தோரணம். மேடைக்குக் கீழ நாலு தெர்மோகோல் பெட்டி. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு அங்கேயே நின்னுடுச்சு. பெட்டிகளுக்குப் பக்கத்துல, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, புகை மெஷினைக் கழட்டிப் பூட்டிக்கிட்டிருந்தார் ஒரு டெக்கரேஷன் அண்ணன். ஐம்பது வயசிருக்கும். வடபழனிக்காரர். முப்பது வருஷம் சினிமா செட்டுல புகை போட்டவர், இப்போ கல்யாணத்துக்கும் போடறார்னு அப்புறம் தெரிஞ்சுது. மூச்சு விடாம என் கதையைச் சொன்னேன். அஞ்சு கிலோ ஐஸ் கொடுத்தீங்கன்னா போதும்னேன்.

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழ வெச்சார். "தோ பாரும்மா. இது என் ஐஸ் இல்ல, பொண்ணு வூட்டு ஐஸ். வாசப்படிலேர்ந்து மேடை வரிக்கும் முழங்கால் அளவு புகை வேணும், நடுவுல எங்கயும் காலு தெரியக்கூடாதுனு பேசிக்கீறாங்க. அஞ்சு கிலோ உனுக்குக் குடுத்தேன்னு வெச்சுக்கோ, பாதி வழியில புகை நின்னுபூடும். அப்புறம் என்னை எவன் கூப்புடுவான்?"

அவர் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னது. அவர் சங்கடமா அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தார்.

"அட, அழுவாத. நல்ல காரியம் நடக்கற எடம். வா, பொண்ணையே கேட்டுப்புடலாம். மேல ரூம்ல கீறாங்க."

அப்படித்தான் வேற வேற செருப்போட, கையில காலி பெட்டியோட, முன்னே பின்னே பார்த்திராத ஒரு கல்யாணப் பொண்ணோட மேக்கப் ரூமுக்குள்ள போய் நின்னேன். அந்தப் பொண்ணுக்குப் பாதித் தலைதான் சீவியிருந்தது. ஒரு கண்ணுக்கு மை போட்டாச்சு, இன்னொரு கண்ணுக்குப் போடல. பக்கத்துல பட்டுப்புடவையில அவங்கம்மா. "நீங்க மாப்பிள்ளை வீடாம்மா? காபி சாப்பிட்டீங்களா?"ன்னாங்க. நான் யார் வீடும் இல்லைங்கம்மானு சொல்லிட்டு மறுபடியும் முதல்லேர்ந்து கதையை ஆரம்பிச்சேன்.

கல்யாணப் பொண்ணு தலையை அசைக்காம, கண்ணாடி வழியாவே என்னைப் பார்த்துக் கேட்டாங்க. "அது என்ன மருந்துங்க? கேன்சருக்கா?"

அந்த ஒரு செகண்ட் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆமான்னு சொல்லியிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். முழு ஐஸையும் தூக்கிக் கொடுத்திருப்பாங்க. ஏற்கெனவே மேடத்துகிட்ட ஒரு பொய் சொல்லியாச்சு, இன்னொண்ணு சொன்னா என்னனு ஒரு சபலம். ஆனா அந்த ஒரு கண்ணு மையோட அவங்க என்னைப் பார்த்த பார்வையில எனக்குப் பொய் வரல.

"இல்லைங்க. மருந்தே இல்ல. யாருக்கும் ஊசி போட முடியாது, மாத்திரையாவும் ஆகாது. ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் தெரியும், அவ்வளவுதான். அப்புறம் என் பிஎச்.டி. முடியும்."

அவங்கம்மா முகம் மாறிடுச்சு. "மருந்துகூட இல்லியா? ஏம்மா, வீடியோக்காரர் மேலேர்ந்து எடுக்கறேன்னு ட்ரோன் எல்லாம் கொண்டு வந்திருக்கார்..."

அதுக்குள்ள டெக்கரேஷன் அண்ணன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே ஒரு குண்டைப் போட்டார். "ஒண்ணு கேக்கறேன் மேடம். ஃபாரின்லேர்ந்து வந்த சரக்குன்றீங்கோ. அதுலயே ஐஸ் வெச்சுத்தானே அனுப்பியிருப்பான்? அது இன்னா ஆச்சு?"

தொழில் தெரிஞ்ச மனுஷன். ஒரே கேள்வியில என்னை மடக்கிட்டார். ரூம்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க. மேக்கப் போடற அக்காகூட பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்டாங்க.

"நாங்களும்... புகை போட்டு வீடியோ எடுத்துட்டோம்"னேன்.

கல்யாணப் பொண்ணு சிரிச்சாங்க பாருங்க, ஒரு சிரிப்பு! "காட்டுங்க, காட்டுங்க"னு கையை நீட்டினாங்க. மானம் போனா போகுதுனு போனை எடுத்துக் கொடுத்தேன். ஏழு வருஷமா பிஎச்.டி. பண்ற ஒரு பொண்ணு, மூக்குக் கண்ணாடியும் லேப் கோட்டுமா, நாலு பீக்கருக்கு நடுவுல இடுப்பை ஆட்டறா. அம்மா வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கறாங்க. டெக்கரேஷன் அண்ணன் மட்டும் சிரிக்கல. போனை வாங்கிக் கண்ணுகிட்ட வெச்சு, முகத்தைச் சுளிச்சுக்கிட்டுப் பார்த்தார்.

"பச்சைத் தண்ணி ஊத்திக்கீறீங்கோ. அதான் புகை இப்டி நோஞ்சானா வருது. சுடுதண்ணி ஊத்தணும் மேடம்! படிச்சவங்கதானே நீங்கோ?"

எனக்கும் சிரிப்பு தாங்கல. அழுதுக்கிட்டே சிரிச்சேன். அப்போதான் போன்ல மெசேஜ் வந்தது. "-33 அக்கா." போன் அண்ணன் கையில இருந்ததால அவர்தான் சத்தமா படிச்சார். சிரிப்பு சட்டுனு நின்னுடுச்சு.

கல்யாணப் பொண்ணு நாற்காலியோட என் பக்கம் திரும்பினாங்க. "எத்தனை வருஷமா பண்றீங்க இந்தப் படிப்பை?"

"ஏழு வருஷமா."

அவங்க தன் அம்மாவை ஓரக்கண்ணால பார்த்துட்டு சொன்னாங்க. "நாங்க ஆறு வருஷம். அவங்க வீட்டுல வேண்டாம், எங்க வீட்டுல வேண்டாம். நான் பெசன்ட் நகர் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்திக்கிட்டே இருந்தேன், அவர் வடபழனி முருகனுக்கு நடந்துக்கிட்டே இருந்தார். ஆறு வருஷம் ஒண்ணுக்காகக் காத்திருந்து, அது கைக்கு வர்ற நேரத்துல போயிடுமோன்னு பயந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ங்க."

அவங்கம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. பொண்ணு அவங்க கையைப் பிடிச்சு, "இன்னிக்கு எங்க கால் தெரிஞ்சா என்னம்மா? நடந்து வரப்போறது நிஜக் கால்தானே"ன்னாங்க. அம்மா பொண்ணோட கன்னத்தைத் தடவி, "எடுத்துட்டுப் போகட்டும்"னு எனக்குக் கேக்கற மாதிரி சொன்னாங்க.

இருந்தாலும் மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேக்கணுமே. பொண்ணு ஸ்பீக்கர்ல போட்டு போன் பண்ணினாங்க. "ஏங்க, இன்னிக்குப் புகை பாதிதான் வரும். பரவாயில்லியா?"

அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பெருமூச்சு. "புகையே வேண்டாம்னுதானே நான் மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்!"

அடுத்த அஞ்சு நிமிஷத்துல அண்ணன் கையுறை மாட்டிக்கிட்டு, ஐஸ் கட்டிகளைப் பேப்பர்ல சுத்தி என் பெட்டியில அடுக்கிட்டார். மூடியை இறுக்கி டேப் ஒட்டப் போனேன். கையிலேயே ஒரு அடி போட்டார். "ஆவி வெளிய போவணும். இறுக்கினா வெடிச்சுரும். சும்மா சாத்தி மட்டும் வெய்யி." எனக்கு அது தெரியும்தான். ஆனா அன்னிக்கு அந்தப் பதட்டத்துல நான் எதையும் யோசிக்கற நிலைமையில இல்ல. அவர் சொல்லலைனா ஒட்டியிருப்பேன். கிளம்பும்போது கல்யாணப் பொண்ணு மேலேர்ந்து எட்டிப் பார்த்து, "வேலை முடிஞ்சதும் சாப்பிட வரணும், சொல்லிட்டேன்!"னு கத்தினாங்க.

வெளிய அதே ஆட்டோ காத்துக்கிட்டிருந்தது. நந்தனம் சிக்னல்ல பெட்டி இடுக்குலேர்ந்து வெள்ளையா ஆவி வழிஞ்சு டிரைவரோட காலைச் சுத்துது. "இன்னா மேடம், பொட்டி மூச்சு வுடுது? உள்ள இன்னா கீது?"னு அலறினார். ஐஸ்தான் அண்ணேனு சொல்லி அவரைச் சமாதானப்படுத்தறதுக்குள்ள சிக்னல் பச்சை ஆயிடுச்சு. பின்னாடி நின்ன பஸ்காரர் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல இருக்கு.

நான் லேபுக்குள்ள நுழைஞ்சப்போ ஃப்ரீசர் மைனஸ் இருபத்தஞ்சு காட்டுச்சு. ஜூனியர் நகத்தையெல்லாம் கடிச்சுத் தீர்த்திருந்தாள். கதவைத் திறந்து குப்பியை எடுத்தேன். வெளிச்சத்துல பிடிச்சு மெதுவா சாய்ச்சேன். உள்ள இருந்த அந்தத் துளி அசையல. கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டிருந்தது. அப்படியே ஐஸுக்குள்ள புதைச்சு, ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கத்தினோம். கீழ் வீட்டுக்காரர் என்ன ஆச்சோன்னு மாடிக்கு ஓடி வந்துட்டார்.

கிண்டியில நண்பனோட ஃப்ரீசர்ல குப்பியை வெச்சுப் பூட்டினப்புறம்தான் எனக்குப் பசியே தெரிஞ்சுது. அப்படியே ஜூனியரையும் கூட்டிக்கிட்டு தி.நகர் மண்டபத்துக்குப் போனேன். போன நேரம், பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல்ல நிக்கறாங்க, விளக்கெல்லாம் அணைச்சாச்சு. நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன். பாதி வழியில புகை நிக்கப் போகுது, என்னாலதான் அந்தப் பொண்ணுக்கு அவமானம்னு மனசு அடிச்சுக்குது.

டெக்கரேஷன் அண்ணன் முப்பது வருஷம் சும்மா ஒண்ணும் புகை போடல. வாசல்லேர்ந்து பாதி தூரம் வரைக்கும் அவர் புகையே விடல. ரெண்டு பேரும் சாதாரணமா, கையைக் கோத்துக்கிட்டு, தெரிஞ்சவங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு, எல்லாரையும் மாதிரி நடந்து வந்தாங்க. மேடைகிட்ட வந்ததும் மிச்சம் இருந்த ஐஸ் அத்தனையையும் ஒரே சமயத்துல சுடுதண்ணியில இறக்கினார் பாருங்க! புகை இடுப்பளவுக்கு எழுந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் மேகத்துக்குள்ள ஏறிப் போற மாதிரி மேடை ஏறினாங்க. மண்டபமே கை தட்டுச்சு. பக்கத்துல இருந்த ஒரு மாமா, "பலே, புது ஐடியாவா இருக்கே!"ன்னார். நான் மூலையில நின்ன அண்ணனைப் பார்த்தேன். அவர் ஒண்ணும் நடக்காத மாதிரி லுங்கியை இறக்கி விட்டுக்கிட்டார்.

மேடை ஏறி வாழ்த்தப் போனப்போ கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளைகிட்ட, "நம்ம புகையைத் தூக்கிட்டுப் போனவங்க இவங்கதான்"னு அறிமுகம் செஞ்சாங்க. என் போன் நம்பரை வாங்கிக்கிட்டு, "அது வேலை செஞ்சுதா இல்லியானு எனக்குச் சொல்லணும்"னு காதுல சொன்னாங்க. அன்னிக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு இருக்கே, ஜூனியர் இன்னும் அதைச் சொல்லிக் கேலி பண்றாள்.

திங்கக்கிழமை மேடம் வந்தாங்க. உள்ளே போய் எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். திட்டு விழும்னு கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். அவங்க மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "ரீல்ஸை நான் வியாழக்கிழமையே பார்த்துட்டேன். லைக் கூடப் போட்டேனே, கவனிக்கலியா? சனிக்கிழமை இருக்குனு சொன்னப்போ நீ கொஞ்சம் மிச்சம் வெச்சிருப்பேனு நினைச்சேன்"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் திட்டினாங்க. நல்லா, நிதானமா, முக்கால் மணி நேரம்.

புதன்கிழமை சோதனை. குழாய்ல என் புரதம், சர்க்கரை, அந்த என்சைம்லேர்ந்து துளியில துளி. ராத்திரி கண்ணை மூடவே இல்ல. மறுநாள் காலையில முடிவு வந்தது. சர்க்கரை ஒட்டியிருந்தது. எந்த இடத்துல ஒட்டும்னு ஏழு வருஷமா சொல்லிட்டிருந்தேனோ, சரியா அந்த இடத்துல. நான் முதல்ல செய்தி அனுப்பினது மேடத்துக்கு இல்ல, அம்மாவுக்கு இல்ல. அந்தப் பொண்ணுக்கு. "ஒட்டிடுச்சு"னு ஒரே வார்த்தை. தேனிலவுக்குப் போன ஊட்டியிலேர்ந்து பதில் வந்தது: "இங்கயும்."

ஜூன்ல கட்டுரை வந்தது, கடைசி வாரம் தீசிஸ் கொடுத்தேன். நன்றி சொல்ற பக்கத்துல மேடம், அம்மா, அப்பா, ஜூனியர் எல்லாருக்கும் அப்புறம், ஒரு சனிக்கிழமை பாதிப் புகையோட நடந்து வந்த ஒரு கல்யாண ஜோடிக்கும், மீதிப் புகையைச் சரியான இடத்துல போட்ட ஒரு அண்ணனுக்கும்னு எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்லேர்ந்து வந்த பேராசிரியர் சர்க்கரையைப் பத்திக் கேட்டதைவிட இதைப் பத்தித்தான் அதிகம் கேட்டார்.

இப்போ நானே ஒரு சின்ன லேப்ல நாலு பேருக்கு வேலை சொல்லிக் கொடுக்கற இடத்துல இருக்கேன். யாராவது வந்து உதவினு நிப்பாங்க. இது எதுக்கு, இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேக்கத்தான் வாய் வரும், அப்படியே பழகிட்டோம். அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான் வெச்சது ஊருக்கு உபயோகமான காரணமே இல்ல. இது மருந்துகூட இல்லனு தெரிஞ்சப்புறமும் அவங்க தன் வாழ்க்கையிலேயே பெரிய நாள்லேர்ந்து ஒரு பங்கை எடுத்துக் கொடுத்தாங்க. அதனால இப்பல்லாம் யார் வந்து நின்னாலும் நான் முதல்ல கேக்கற கேள்வி, அவங்க என்னைக் கேட்ட அதே கேள்விதான்: "எத்தனை வருஷமா?"